இரண்டாவது நாயனத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வெளியே போகும் அழைப்புகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனை. அறுபது மேசைத் தொலைபேசிகள், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் இரண்டு சர்வர்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. முதல் சர்வரைத் தாங்கிக்கொண்டிருந்த யுபிஎஸ் பேட்டரி 1.40 மணிக்குக் கையை விரித்துவிட்டது. ஜெனரேட்டர் இணைப்பில் இருந்த இரண்டாவது சர்வர் நான்கு நொடிக்குள் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. வரவேற்பு மேசையிலிருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கைபேசிக்கு எண்ணை அழுத்தினார்கள், மணி அடித்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இரண்டு மணி வாக்கில், வீட்டிலிருந்த மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவை அழைத்தார். தொடர்பு கொள்ள முடியவில்லை என்றது குரல். மூன்று முறை முயன்றுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்துவிட்டார். வந்து பார்த்தால் தொலைபேசி மேசையில் பச்சை விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்தால் டயல் ஒலி கேட்கிறது. அழைத்தால் போகிறது. அதை யாராவது அழைத்தால்தான் மணி அடிக்கவில்லை.

அந்த அமைப்பை நிறுவியவன் நான். ஆகவே இந்தக் கட்டுரையில் வேறு யார் மேலும் பழி போட முடியாது.

நடந்தது இதுதான். இணையத் தொலைபேசியில் ஒவ்வொரு கருவியும் சர்வரிடம் அவ்வப்போது தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்: நான் 214-ஆம் எண், இந்த முகவரியில், இந்தக் கதவில் (போர்ட் எண்) இருக்கிறேன். இதற்குப் பதிவு என்று பெயர். பதிவுக்கு ஓர் ஆயுள் உண்டு. பல கருவிகளில் 3600 நொடி, அதாவது ஒரு மணி நேரம். முதல் சர்வர் இந்த விவரத்தை எல்லாம் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. அது செத்ததும் அறுபது முகவரிகளும் கூடவே செத்தன. இரண்டாவது சர்வரிடம் கடவுச்சொற்கள் இருந்தன. ஆகவே வெளியே அழைப்பவர் யார் என்று சரிபார்த்து, அழைப்பை அனுப்பிவிட்டது. ஆனால் 214 எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கருவியும் தன் ஒரு மணி நேரக் கெடு முடிந்து மறுபடி பதிவு செய்தபோது, ஒன்று ஒன்றாக உயிர் வந்தது. வார்டுகள் ஏதோ தூக்கத்திலிருந்து எழுவது போல.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 4.10-க்கு மின்சாரம் வந்தது. முதல் சர்வர் தானாகவே எழுந்தது. அமைப்பில் அதற்குத்தான் முதல் உரிமை என்று நானே எழுதி வைத்திருந்தேன். காலி நினைவோடு வந்து பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டது. மறுபடியும் அதே கூத்து, முதலிலிருந்து.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க நாயனத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. கோயில் உற்சவத்தில் இரண்டு நாகசுரம் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் மூச்சு வாங்க வாயை எடுக்கும் இடம் நமக்குக் கேட்பதே இல்லை. மற்றவர் அந்த ஸ்வரத்திலேயே நிற்கிறார். அவருக்கு ராகம் தெரியும், கீர்த்தனையில் எந்த அடி நடக்கிறது என்று தெரியும், தவில் எந்த எடுப்பில் வரும் என்று தெரியும். நாயனத்தின் ஊது நாக்கான சீவாளி ஈரமாக உதட்டில் இருக்கிறது. இப்படித் தயாராக இருப்பது ஒரு வகை. இன்னொரு வித்வான் ஊரில்தான் இருக்கிறார், ஆள் அனுப்பினால் வந்துவிடுவார் என்பது வேறு வகை. வருவார், ஆனால் சுவாமி அதற்குள் வீதி திரும்பியிருக்கும். என் மருத்துவமனையில் இருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று: வித்வான் பக்கத்திலேயே நாயனத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஆனால் காதில் பஞ்சு வைத்திருக்கிறார்.

மாற்று சர்வர் வாங்கிப் போடுவது எளிது. பணம் இருந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மனதில் உள்ளதை நொடிக்கு நொடி மற்றதன் காதில் போடுவதுதான் வேலை. அதிலும் எதைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது பாதி வேலை. எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசையை அடக்கியவர்களின் அமைப்புகளே நன்றாக ஓடுகின்றன என்பது என் அனுபவம்.

ஒரு அழைப்பில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அழைப்பை ஏற்படுத்துவதும் முடிப்பதும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகள். பரஸ்பர நிதிக்காரர்கள் மாதாமாதம் பிடிக்கும் எஸ்.ஐ.பி. வேறு. இன்று நாம் பயன்படுத்துகிற வடிவம் 2002 ஜூனில் ஆர்.எஃப்.சி. 3261 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. குரலைச் சுமந்து போவது ஆர்.டி.பி. என்ற இன்னொரு நெறிமுறை. சாதாரணத் தொலைபேசித் தரத்தில் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல். நொடிக்கு 50 பொட்டலம் போக, 50 பொட்டலம் வர. இதை நகல் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். போன குரல் போனதுதான். அரை நொடி முன்னால் சொன்ன 'ஹலோ'வை இப்போது கொண்டுவந்து கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து, மணி அடித்துக்கொண்டிருக்கும் அழைப்பு. இதுதான் சுவாரசியமான கட்டம். அழைப்பவரின் கருவி ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. பதில் வரவில்லை என்றால் அரை நொடி பொறுத்து மறுபடி அனுப்பும். பிறகு ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். 32 நொடி ஆனால்தான் கைவிடும். அப்படியென்றால், கோரிக்கை வந்துசேரும் முன்பே முதல் சர்வர் செத்து, இரண்டாவது நான்கு நொடியில் அதே முகவரியில் எழுந்தால், எந்த நகலும் இல்லாமலே அழைப்பு தப்பிவிடும். நெறிமுறையை எழுதியவர்கள் பொட்டலம் தொலையும் என்று முதலிலேயே எதிர்பார்த்ததன் பலன் இது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. சர்வர், 'கிடைத்தது, முயல்கிறேன்' என்று ஒரு தற்காலிகப் பதிலை அனுப்பிவிட்டு உடனே செத்துவிட்டால்? கருவி அந்தப் பதிலை நம்பி, திரும்ப அனுப்புவதை நிறுத்திவிடும். அழைத்தவர் காதில் அமைதி. 'இதோ பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போன குமாஸ்தா பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்ட கதை.

இந்த ஓட்டையை அடைக்க, மணி அடிக்கும் ஒவ்வொரு அழைப்பின் நிலையையும் மாற்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். நான் செய்வதில்லை. அந்த நிலை சில நொடிகளே வாழ்வது; அதற்குள் மாறிக்கொண்டே இருக்கும்; நகல் போய்ச் சேரும்போது அசல் மாறியிருக்கும். அழைத்தவரோ பத்து நொடி பார்த்துவிட்டு வைத்துவிட்டு மறுபடி அழைப்பார். மனிதரே நகல்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதிலிருந்து வந்ததுதான். ஒரு விவரம் தொலைந்தால் அதை மறுபடி சொல்லக்கூடியவர் யார், எவ்வளவு நேரத்தில் சொல்வார்? தொலைபேசிக் கருவி தன் முகவரியை மறுபடி சொல்லும், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து. ஆகவே பதிவு விவரத்தை நகல் எடுத்தே தீர வேண்டும். மணி அடிக்கும் அழைப்பை மனிதர் சில நொடிகளில் மறுபடி தொடங்குவார், விட்டுவிடலாம்.

பதிவு விவரம் மிகச் சிறியது. ஒரு கருவிக்கு ஒரு கிலோபைட் கூட ஆகாது; மணிக்கு ஓரிரு முறைதான் மாறும். நெல் மூட்டைகளை இரண்டு கிடங்குக்கும் சுமக்கச் சொல்லவில்லை, எடைச் சீட்டை இரண்டு நோட்டில் எழுதச் சொல்கிறோம். இதை எப்படி எழுதுவது என்பதில் பல வழிகள். இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸில் எழுதிப் படிப்பது பழைய வழி. எளிது, ஆனால் இப்போது டேட்டாபேஸ் செத்தால் இரண்டும் செத்தன. அதற்கும் ஒரு ஜோடி போட வேண்டும். நாய்க்குக் காவலாக இன்னொரு நாய்.

சர்வர்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இன்னொரு வழி. 2001-இல் பெர்லினில், ஃப்ரௌன்ஹோஃபர் ஃபோகஸ் ஆய்வு நிலையத்தில் எஸ்.இ.ஆர். என்ற திறந்த மூல எஸ்.ஐ.பி. சர்வர் மென்பொருளாகத் தொடங்கிய குடும்பம் ஒன்று உண்டு. 2005-இல் ஓபன்செர் என்று ஒரு கிளை பிரிந்தது. 2008-இல் அந்தக் கிளை கமாயிலியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் ஓபன்சிப்ஸ் என்று இன்னொன்று பிரிந்தது. பங்காளிகள் பிரிந்தாலும் இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: டேட்டாபேஸை நடுவில் வைக்காமல், ஒரு சர்வர் தனக்கு வந்த பதிவை நேரடியாக மற்ற சர்வர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கமாயிலியோ இதை எஸ்.ஐ.பி. செய்தியாகவே, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு கட்டளைப் பெயரில் அனுப்புகிறது. ஓபன்சிப்ஸ் தனக்கான இரும வடிவத்தில் அனுப்புகிறது. புதிதாக எழுந்த சர்வர், மற்றதிடம் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். அன்றைக்கு 4.10-க்கு என் சர்வர் செய்யத் தவறியது இதைத்தான்.

மற்றவர் எழுதிவிட்டார் என்று உறுதி வரும்வரை காத்திருப்பதா, சொல்லிவிட்டு நகர்வதா என்று ஒரு கேள்வி வரும். கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவர் சத்தமாகச் சொல்ல, நோட்டு எழுதுபவர் 'ஆச்சு' என்றால்தான் மூட்டை நகரும். பணக் கணக்கில் அந்தக் கறார் வேண்டும். தொலைபேசிப் பதிவில் வேண்டாம். காத்திருக்கிற முறையில், மாற்று சர்வர் திணறினால் நன்றாக இருக்கும் சர்வரும் சேர்ந்து திணறும். சொல்லிவிட்டு நகர்ந்தால் அதிகபட்ச நஷ்டம், கடைசி சில மில்லிநொடிகளில் வந்த ஓரிரு பதிவுகள். அதைத் தாங்கலாம்.

ஒரு சின்ன விஷயம், பல பேரைக் கவிழ்த்தது: கடிகாரம். பதிவின் ஆயுளை 'இன்ன மணி வரை' என்று எழுதி அனுப்பினால், இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மாற்று சர்வரின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடினால், வந்த நகல் எல்லாம் வந்த கணமே காலாவதி. பட்டியல் எப்போதும் காலியாகவே இருக்கும். பதிவேட்டில் பிழைச் செய்தி எதுவும் இருக்காது; எல்லாம் விதிப்படியே நடக்கிறது அல்லவா.

சிறிய இடங்களுக்கு ஒரு நேர்மையான ஆலோசனையும் சொல்ல வேண்டும். அறுபது கருவிகள்தான் என்றால், நகல் ஏற்பாடு எதுவும் இல்லாமல் பதிவின் ஆயுளை 3600-லிருந்து 120 நொடியாகக் குறைத்தாலே போதும். எப்படிச் செத்தாலும் இரண்டு நிமிடத்தில் பட்டியல் தானாகக் கூடிவிடும். அறுபதாயிரம் கருவிகள் என்றால் கணக்கு வேறு: 60 நொடிக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 1000 பதிவு, கடவுச்சொல் கேட்டுத் திருப்பி அனுப்புவதையும் சேர்த்தால் அதில் இரண்டு பங்கு. அங்கே நகல்தான் வழி. கும்பகோணத்தில் நான் இரண்டையும் செய்தேன். பயந்தவன் கயிற்றை இரண்டு முடிச்சுப் போடுவான்.

நடந்துகொண்டிருக்கும் பேச்சு என்னவாகும்? இது சர்வரின் குணத்தைப் பொறுத்தது. கமாயிலியோ போன்றவை தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கைமாற்றிவிட்டு மறந்துவிடலாம். பேச்சுக்குரிய அடையாளங்களை இரு முனைக் கருவிகளுமே சுமக்கின்றன. அடுத்த செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதும் அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். அதே முகவரியில் வேறு தபால்காரர் வந்தாலும் கடிதம் போய்ச் சேரும். ஆனால் 1999-இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் போன்ற அலுவலகத் தொலைபேசி மென்பொருள்கள் தரகர் மாதிரி. இந்தப் பக்கம் ஒருவரோடு தானே பேசுகிறது, அந்தப் பக்கம் இன்னொருவரோடு தானே பேசுகிறது, நடுவில் இரண்டையும் ஒட்டுகிறது. தரகர் போனால் பேரம் போயிற்று. ஆஸ்டரிஸ்க் சர்வர் செத்தால் அதன் வழியாக ஓடிய பேச்சுகள் அறுந்துவிடும். மாற்று சர்வர் அவற்றைத் தூக்கிக்கொள்ளாது. ஃப்ரீஸ்விட்ச் என்ற இன்னொரு மென்பொருள் இந்த இடத்தில் ஒரு படி மேலே. நடக்கும் பேச்சுகளின் விவரத்தை டேட்டாபேஸில் எழுதி வைக்கச் சொல்லலாம். மாற்று சர்வர் எழுந்ததும் அதைப் படித்து, இரு முனைகளுக்கும் 'பேச்சு தொடர்கிறது, குரலை இங்கே அனுப்புங்கள்' என்று புதிய கோரிக்கை அனுப்பி ஒட்டிவிடும். கேட்பவருக்குச் சில நொடி வெற்றிடம், பிறகு குரல்.

பேச்சின் விவரம் தொலைந்தால் குரலை விடப் பெரிய தொல்லை ஒன்று வரும்: முடிக்க ஆள் இல்லாத அழைப்பு. ஒருவர் வைத்துவிட்டார், மற்ற முனைக்குச் செய்தி போகவில்லை, கட்டணக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு 2005-இல் ஆர்.எஃப்.சி. 4028 ஒரு வைத்தியம் சொன்னது: பேச்சு நடக்கிறதா என்று முனைகள் அவ்வப்போது உறுதி செய்துகொள்ள வேண்டும், இயல்பாக 1800 நொடிக்குள், வேண்டுமானால் 90 நொடி வரை குறைக்கலாம்.

குரலைக் கைமாற்றும் இடைநிலைச் சர்வர்களில், நகல் எடுக்க வேண்டியது எந்தப் பேச்சு எந்தக் கதவு எண்ணில் வருகிறது, எங்கே போகிறது என்ற அட்டவணை. ஆர்.டி.பி. எஞ்சின் என்ற மென்பொருள் இதை ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்கில் எழுதுகிறது; மாற்று சர்வர் அங்கே காது கொடுத்துக்கொண்டே இருந்து, எழுதப்பட்ட உடனே அறிந்துகொள்கிறது. குரல் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் ஒரு நுட்பம் சேர்ந்துகொள்ளும். பொட்டலங்களின் வரிசை எண் 65,535 வரைதான். அதன் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். நொடிக்கு 50 என்றால் ஏறத்தாழ 22 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதுவரை எத்தனை சுற்று ஆயிற்று என்பதும் மறையைத் திறக்கும் கணக்கில் சேரும், ஆனால் அந்த எண் பொட்டலத்தில் எழுதப்படுவதில்லை. எண்ணிக்கொண்டே வந்தவருக்குத்தான் தெரியும். சாவியை மட்டும் நகல் எடுத்து, சுற்று எண்ணிக்கையை விட்டுவிட்டால், குட்டிப் பேச்சுகள் பெரும்பாலும் தப்பிவிடும். அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் ஊமையாவார்கள். ஐந்து நிமிடச் சோதனையில் இது அகப்படுவது அபூர்வம்.

முதல் சர்வர் செத்துவிட்டது என்று மற்றதற்கு எப்படித் தெரியும்? வி.ஆர்.ஆர்.பி. என்ற முறையில், பொறுப்பில் இருப்பது நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும். மூன்று முறை கேட்காவிட்டால், கூட ஒரு சிறு தாமதம் சேர்த்து, மற்றது எழும். பொறுப்பேற்பதில் யார் முந்தி என்று சொல்லும் முன்னுரிமை எண்ணை 100 என்று வைத்திருந்தால் அந்தக் கணக்கு 3.61 நொடி. குரலில் சொன்னால் பக்கத்துக்கு 180 பொட்டலம். அந்த நேரத்தில் மனிதர்கள் இரண்டு முறை 'ஹலோ' சொல்வார்கள், சிலர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள், பொறுமையற்றவர்கள் வைத்துவிடுவார்கள். 2010-இல் வந்த, இந்த முறையின் மூன்றாம் பதிப்பில் இடைவெளியை நூறில் ஒரு பங்கு நொடி வரை குறைக்க இடமுண்டு. பத்தில் ஒரு நொடி என்று வைத்தால் மொத்தம் 0.36 நொடி, 18 பொட்டலம், இருமல் அளவு. ஆனால் இவ்வளவு அவசரக்காரனாக வைத்தால், சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு கணம் திணறினாலும் 'ஆள் போய்விட்டார்' என்று ஒப்பாரி தொடங்கிவிடும்.

அரைகுறைச் சாவுதான் மோசம். தொலைபேசி மென்பொருள் உறைந்து நிற்கும். இயங்குதளம் உயிரோடு இருந்து 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே எஸ்.ஐ.பி. வழியாகவே ஒரு நலம் விசாரிப்பை அனுப்பி, பதில் வராவிட்டால் பொறுப்பை விடச் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும். சோதனையிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சர்வரை முறைப்படி நிறுத்தினால், போகும் முன் அது 'நான் விலகுகிறேன்' என்று சொல்லிவிட்டே போகும். மற்றது மூன்று நொடி காத்திருக்காமல் உடனே எழுந்துவிடும். அழகான சோதனை முடிவு கிடைக்கும். பேட்டரி தீர்ந்து சாகும் சர்வர் யாரிடமும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. மின்கம்பியைப் பிடுங்கித்தான் சோதிக்க வேண்டும்.

இரண்டும் உயிரோடு இருந்து, நடுவில் உள்ள தொடர்பு மட்டும் அறுந்தால், இரண்டுமே தன் முறை என்று எண்ணும். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது இங்கே தெரிந்த விஷயம். வாய்க்காலிலும் அப்படித்தான். இரண்டு தலைமதகுக்காரர்களும் 'இது என் முறை' என்று ஒரே நேரத்தில் பலகையைத் தூக்கினால், இரண்டிலும் தண்ணீர் ஓடுவது போலத்தான் தோன்றும். கடைமடைக்கு இரண்டிலிருந்தும் வராது. தொலைபேசியிலும் அதே கதி. ஒரே முகவரிக்கு இரண்டு சர்வர்கள் உரிமை கொண்டாட, பாதிக் கருவிகள் இங்கே பதிவாகும், பாதி அங்கே. இந்தப் பாதி அந்தப் பாதியை அழைத்தால் ஆள் இல்லை. தொடர்பு அறுந்தால் எல்லா இடத்திலும் ஒரே விவரம் இருக்கும் ஒற்றுமையா, தொடர்ந்த சேவையா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று கணினி அறிஞர் எரிக் பிரூவர் 2000-இல் முன்வைத்தார். 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் அதை நிரூபித்தார்கள். பதிவுப் பட்டியலுக்குச் சேவையைத் தேர்ந்தெடுப்பதே சரி. தொடர்பு மீண்டதும் அடுத்த பதிவிலேயே பிழை ஆறிவிடும். பொறுப்புக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். வாக்களிக்க மட்டும் ஒரு பழைய கணினி இருந்தால் கூடப் போதும்.

ஒரே அறையில் இருக்கும் ஜோடிக்கு இவ்வளவும். டெல்டாவில் அறையே மூழ்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அங்கே இரண்டு சர்வர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து என்ன பயன்? இணையத்துக்கு இரண்டு நிறுவனங்களின் கேபிள் எடுத்திருக்கிறோம் என்பார்கள். ஆற்றுப் பாலத்தில் போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே கைப்பிடிச் சுவரை ஒட்டி, பல நேரம் ஒரே குழாயில் போகும். இந்த மண்ணில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு ஆறோ வாய்க்காலோ குறுக்கிடும். பாலங்களைத் தவிர்க்க முடியாது.

ஆகவே இன்னொரு ஊர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லிநொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். போய்வர அரை மில்லிநொடி கூட ஆகக் கூடாது. இரண்டு ஊரிலும் வெவ்வேறு நிறுவனத்தின் இணையம் என்றால், பல நேரம் பொட்டலம் சென்னைக்குப் போய்த் திரும்பித்தான் தஞ்சாவூர் வருகிறது. நகல் எடுப்பதற்கு அந்தத் தாமதம் ஒன்றும் செய்யாது. ஊர் மாறுவது வேறொரு இடத்தில் உதைக்கும்.

ஊர் மாறினால் ஐபி முகவரி மாறும். மன்னார்குடிக் கிளையிலோ பட்டுக்கோட்டைக் கிளையிலோ இருக்கும் தொலைபேசி ஒரு சாதாரண ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரவுட்டர், தன் வீட்டுக் கருவி யாரோடு பேசத் தொடங்கியதோ அவரிடமிருந்து வரும் பதிலை மட்டும் உள்ளே விடும். கும்பகோணம் சர்வரின் பட்டியல் தஞ்சாவூருக்கு அச்சுப் பிசகாமல் நகலாகியிருக்கலாம். தஞ்சாவூர் போய்த் தட்டினால், முகம் தெரியாத ஆள் என்று ரவுட்டர் கதவைத் திறக்காது. முகவரி சரி, அறிமுகம் இல்லை. இங்கே நகல் தோற்கிறது. கருவியே இரண்டு சர்வர்களிலும் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். நல்ல கருவிகளில் இதற்கு வசதி உண்டு. முதல் சர்வர் எது, மாற்று எது என்ற வரிசையை, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பெயர்ச் சேவையில் (டி.என்.எஸ்.) எழுதி வைக்கும் முறையும் 2002 முதல் தரமாக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, மின்வெட்டு வழக்கமான ஊர்களுக்கு. தெரு முழுக்க மின்சாரம் வந்த கணத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து பதிவு கேட்கும். அப்போதுதான் எழுந்த சர்வர் அந்த நெரிசலிலேயே மறுபடி படுத்துவிடும். கருவிகளை ஆளுக்குச் சில நொடி தள்ளி எழச் சொல்லி அமைக்கலாம். நான் மருத்துவமனையில் மாற்றியது இன்னும் ஒன்று: திரும்பி வரும் முதல் சர்வர் பொறுப்பைப் பிடுங்கக் கூடாது. பட்டியலை முழுக்க வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வரும்வரை இரண்டாம் நாயனமாக உட்கார வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறை, புறநோயாளிகள் கலைந்த பிறகு மூன்று மணிக்கு மின்கம்பியைப் பிடுங்குகிறோம். வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா ஒரு கையில் பேச்சைத் தொடர்ந்தபடி, மறு கை விரல்களில் அமைதியை எண்ணுவார். கடந்த முறை இரண்டாவது விரலில் குரல் வந்துவிட்டது. அறுபது கருவிகளும் பட்டியலில் இருந்தன. ஒரு அழைப்பு மட்டும் மணி அடிக்கும் கட்டத்தில் தொலைந்தது. பாபநாசத்திலிருந்து யாரோ பரிசோதனை முடிவு கேட்க அழைத்திருக்கிறார். ஒரு நிமிடத்தில் அவரே மறுபடி அழைத்தார்.

"சிக்னல் சரியில்லை போலிருக்கிறது அம்மா" என்றாராம். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.